கொல்லைக் கணக்கு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதல் வருஷத்தில், முப்பது வருஷங்களுக்கு மேலாகப் பற்று வரவு எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மறுத்த காரணத்தால், எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் போட்டேன். விதைக்கு இவ்வளவு, வேப்பம்பிண்ணாக்குக்கு இவ்வளவு, பந்தலுக்கான சவுக்குக் கழிக்கும் கயிற்றுக்கும் இவ்வளவு, மண்ணைக் கொத்திக் கொடுத்த ஆளுக்குக் கூலி இவ்வளவு என்று செலவுப் பத்தியிலும், பறித்த காய்களையும் பழங்களையும் அன்றன்றைய கடைத்தெரு விலைக்கு மதிப்பிட்டு வரவுப் பத்தியிலும் ஒரு நாள் விடாமல் எழுதி வந்து, மறு ஆடிக்கு முன்னால் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, கணக்கு நஷ்டத்தில் நின்றது. அந்தச் சங்கதியைச் சற்றே வெட்கத்தோடு நான் வாசித்துக் காட்டியதைக் கேட்ட என் மனைவி, நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், முறத்தில் இருந்த கீரையை ஆய்ந்தபடியே, "அதெல்லாம் இருக்கட்டும், அணில் தின்ன கொய்யாவை எந்தப் பத்தியில எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

நான் அதை எந்தப் பத்தியிலும் எழுதியிருக்கவில்லை. எங்கே எழுதுவது என்பதும் அன்று எனக்குத் தெரியவில்லை.

மன்னார்குடியை அடுத்த ஒரு சிற்றூரில், திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று ரயில்வண்டி போல நீண்டு கிணற்றடியில் போய் முடியும் பழைய வீடு எங்களுடையது. கிணற்றடிக்கு அப்பால் வேலி வரையில் உள்ள சில சென்டு நிலமே கொல்லை. ஒரு தென்னை, ஒரு கொய்யா, ஓர் எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, அடுக்களைத் தண்ணீர் ஓடி விழும் மூலையில் ஒரு வாழைக் கூட்டம், எஞ்சிய இடத்தில் பருவத்துக்குத் தக்கபடி கத்தரியோ வெண்டையோ அவரையோ பூசணியோ கீரையோ என்பதற்கு மேல் அதில் பெருமைப்படத் தக்கது எதுவும் இல்லை. எங்கள் தெருவில் இப்படிப்பட்ட கொல்லை ஒவ்வொரு வீட்டுக்கும் இருந்தது. சென்ற இரண்டு வருஷங்களுக்குள் அவற்றில் நான்கு சிமெண்டுத் தளங்களாகிவிட்டன. சருகு விழுகிறது, பாம்பு வருகிறது, ஐப்பசி மழையில் கால் வைக்க முடியாமல் சேறாகிறது, கூட்டிப் பெருக்க ஆள் கிடைப்பதில்லை என்று அவ்வீட்டார் சொல்லும் காரணங்கள் யாவும் நியாயமானவையே. அவர்கள் தெய்வ சிந்தனையில் குறைந்தவர்களும் அல்லர். கோயில் மண்டபத்தில் உபந்நியாசம் நடக்கும் மாலைகளில் என் பக்கத்திலே அமர்ந்து கண்ணை மூடிக் கேட்பவர்கள்தாம். ஆயினும், மண்டபத்தில் காதால் கேட்டுவிட்டு வாசற்படி தாண்டுமுன் மறந்துபோகும் ஒரு விஷயத்தைக் கையால் கற்றுக்கொள்ளக்கூடிய இடம் வீட்டின் பின்புறத்திலேயே இருக்க, அதன் மேல் சிமெண்டைக் கொட்டி மூடிவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அந்த விஷயம் இன்னதென்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

தோட்டம் பொறுமையைக் கற்பிக்கிறது என்று பலரும் சொல்லிவிட்டார்கள். பொறுமை ஒன்றுதான் வேண்டுமென்றால் ரேஷன் கடை வரிசையும் பேருந்து நிலையமும் அதைவிடத் துரிதமாகக் கற்பித்துவிடும். அதற்காக யாரும் மண்வெட்டி பிடிக்க வேண்டியதில்லை. கொல்லை கற்பிக்கும் பாடம், நம் பெரியோர்கள் அகங்காரம், மமகாரம் என்று வடமொழியிலும் யான், எனது என்று தமிழிலும் குறித்த இரண்டு முடிச்சுகளைப் பற்றியது. அவற்றை அறுப்பதைப் பற்றித் திருவள்ளுவர் துறவு என்னும் அதிகாரத்தில் பேசினாரென்றால், குடும்பமும் கடனும் பேரன் பேத்திகளும் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு அது எட்டாத காரியம் என்று நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். துறவு கொள்ளாதவனுக்கும் அந்த முடிச்சுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்திக் கொடுக்கும் உபாயம் ஒன்று உண்டென்றால், அது நான்கு செடிகளை நட்டு வளர்ப்பதே என்பது என் அனுபவம்.

முதலில் 'யான்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஆடிப்பட்டத்தில் பந்தற்காலின் அடியில் நாட்டு அவரை விதையை ஊன்றியவன் நான். குழியில் மட்கிய சாணம் இட்டவன் நான். கொடிக்குக் கயிறு கட்டி வழி காட்டியவன் நான். கொடி ஆவணியில் பந்தலை மூடியது, புரட்டாசியில் பந்தலுக்கு மேல் மெத்தை போலப் பரவியது, ஆனால் ஒரு மொட்டுக்கூட விடவில்லை. எருப் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு கூடை போட்டேன். இலைகள் மேலும் கறுத்துத் தழைத்தனவே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. வேலிக்கு அப்பால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு மூதாட்டி, "பனி விழட்டும் தம்பி, அது தானா பூக்கும். சோறு போட்டா தூக்கத்துலேருந்து எழுப்புவாங்க?" என்றார். நாட்டு அவரை பகற்பொழுதின் நீளத்தை அறிந்து நடக்கும் செடி என்றும், பகல் குறுகி இரவு நீளும் காலம் வந்தாலொழிய அது பூப்பதில்லை என்றும் தாவர சாஸ்திரம் சொல்வதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். கார்த்திகையில் ஒரு நாள் காலை, பந்தலுக்கு மேலே ஊதா நிறப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நின்றன. தைப்பொங்கலன்று குழம்புக்குக் காய் இருந்தது. சூரியன் தட்சிணாயனத்தில் தெற்கு நோக்கிச் சாய்ந்ததனால் பூத்த பூவை என் கூடைச் சாணத்தின் வரவில் எழுதிக்கொள்ள முயன்றேனே என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

பூசணிக் கொடி இன்னும் கண்டிப்பான ஆசிரியர். அதில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை மலர்ந்து வாடி உதிர்வதைக் கண்டு, கொடிக்கு ஏதோ நோய் என்று கலங்காத புதிய தோட்டக்காரர் இல்லை. பின்னர், காம்பின் நுனியில் கோலிக்குண்டளவு பிஞ்சைச் சுமந்துகொண்டு பெண் பூ வருகிறது. விடியலில் மலர்ந்து உச்சிப்பொழுதுக்கு முன்னே கூம்பிவிடும் அந்தப் பூவுக்கு, உள்ள அவகாசம் அந்த ஒரு காலைதான். அதற்குள் ஆண் பூவின் மகரந்தத்தோடு ஒரு தேனீ வந்து சேரவில்லையென்றால் பிஞ்சு மஞ்சளித்து அழுகி விழுந்துவிடும். ஒரு மழை வாரத்தில் தேனீக்களே காணாமற்போக, நான் இருள் பிரியுமுன் எழுந்து சென்று, ஆண் பூ ஒன்றைக் கிள்ளி இதழ்களை உரித்து, அதன் தாதை ஒவ்வொரு பெண் பூவின் நடுவிலும் தொட்டு வைத்தேன். ஆறு பூக்களில் இரண்டு பிடித்தன. சாதாரண நாட்களில் யாரும் ஏவாமல், யாரும் பார்க்காமல், ஒரு பூச்சி செய்துவிட்டுப் போகும் வேலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மனித சாமர்த்தியத்தால் செய்ய முடிந்தது. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து காந்தியடிகளின் பொருளாதாரச் சிந்தனையை விரித்துரைத்த ஜே.சி.குமரப்பா, நிலைபேறுள்ள பொருளாதாரத்தைப் பற்றி 1945-இல் வெளியிட்ட நூலில், இயற்கையின் ஜீவராசிகள் வாழும் முறைகளைத் தரம் பிரிக்கும்போது தேனீயை உயர்வாக வைத்தார். தனக்கு வேண்டியதை எடுக்கும் அந்தச் செயலாலேயே பூவுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போகும் ஜீவன் அது என்பதே அவர் கண்ட காரணம். அது வராத பூவின் எதிரில் நான் என் உத்தியோக கால நினைவுகளோடு நின்ற அந்த விடியற்காலை எனக்கு மறப்பதில்லை.

கத்தரிச்செடி சொல்வது வேறொரு விஷயம். துளையுள்ள கத்தரிக்காயைக் கடையில் ஒதுக்கிவிட்டு, மினுமினுப்பானவற்றைப் பொறுக்கி எடுப்பது நம் வழக்கம். ஆனால் காய்ப்புழுவானது மிகச் சிறியதாக இருக்கும்போதே காம்பை ஒட்டிய இளம் பகுதியில் நுழைந்துவிடுகிறது. நுழைந்த வழி அடைபட்டுப்போய், காய் வெளிப்பார்வைக்கு மாசற்றுப் பளபளவென்று வளர்கிறது. உள்ளே தின்று கொழுத்து அது வெளியேறும்போதுதான் துளை உண்டாகிறது. ஆகவே துளை தெரியும் காயில் பெரும்பாலும் புழு இல்லை, அது போய்விட்டது. துளை தெரியாத காயில்தான் அது இருக்கக்கூடும். இதை அரிவாள்மணையின் முன் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு, குற்றம் வெளிப்பட்டுவிட்ட மனிதரைப் பற்றிப் பேசும்போது என் நாக்கு முன்போல வேகமாக ஓடுவதில்லை. அப்பழுக்கற்றவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொள்ளும் தருணங்களிலும் அந்தப் பளபளப்பான காயின் நினைவு வந்துவிடுகிறது.

களையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோரையோடு நான் நடத்திய யுத்தத்தில் ஒரு நாளும் ஜயித்ததில்லை. மேலே தெரியும் புல்லைப் பிடுங்கினால் புல் மட்டும் கையோடு வரும். கீழே ஜபமாலையின் மணிகளைப் போலச் சரம் சரமாகக் கோத்திருக்கும் கிழங்குகள் அப்படியே இருக்கும். மண்வெட்டியால் கொத்தினாலோ சரம் அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைத்து, ஒன்று பத்தாகும். கோபத்தை அடக்குகிறேன் என்று முகத்தில் தெரியும் கோபத்தை மட்டும் கிள்ளி எறியும் மனிதனின் கதையும் இதுதான். திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்திக் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார் என்பதைச் சிறு வயதில் அடக்கத்தின் அடையாளமாக மட்டுமே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். செதுக்கிய இடத்தில் மறு மழைக்குப் புல் முளைக்கும் என்பதை அறிந்தே ஒருவர் வாழ்நாள் முழுவதும் அதைச் செய்திருக்கிறார் என்றால், முடித்துவிடுவதற்காக அல்ல, செய்துகொண்டிருப்பதற்காகவே சில தொண்டுகள் உள்ளன என்று அவர் அறிந்திருக்க வேண்டும் என இப்போது எண்ணுகிறேன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நான் சபித்துத் தோண்டிப் போட்ட கோரைக்கிழங்கை என் மனைவி கழுவி உலர்த்தி, கஸ்தூரி மஞ்சளோடு சேர்த்து அரைத்து, பேத்தியின் குளியல் பொடிக்கு வைத்துக்கொண்டாள்; அதன் வாசனை வீடெல்லாம் நிறைந்தது.

இனி 'எனது' என்னும் முடிச்சு. அணில் கடித்த கொய்யா இனிப்பது ஊரறிந்த விஷயம். அது கனிந்த பழத்தைத் தேடியே கடிக்கிறது. ஆனால் கடித்ததை முழுவதும் தின்னாமல் அடுத்த பழத்துக்குத் தாவிவிடும் அதன் சுபாவத்தைக் கண்டு, கையில் கவண் எடுத்த நாட்களும் எனக்கு உண்டு. எலுமிச்சை விஷயத்தில் நான் செய்தது அதைவிட மோசம். அதன் இளந்தளிர்களில் பறவையின் எச்சத்தைப் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருந்து, வளர்ந்தபின் இலையின் பச்சையோடு பச்சையாக மறைந்துகொள்ளும் புழுக்கள் வந்தன. தொட்டால் தலைக்குப் பின்னால் செந்நிறக் கொம்பு இரண்டை நீட்டி ஒரு நெடியை வீசும். தளிரையெல்லாம் அவை மொட்டையடித்த ஆத்திரத்தில் பத்துப் பதினைந்தைச் செருப்புக் காலால் தேய்த்துவிட்டேன். சில வாரங்கள் கழித்து, கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிப் படபடத்த கறுப்பும் மஞ்சளுமான பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பேத்தி துரத்திக்கொண்டு ஓட, அவளுடைய ஆனந்தத்தில் நானும் கலந்துகொண்டிருந்தபோது, அது எலுமிச்சை இலையில் வந்து வயிற்றை வளைத்து முட்டை வைப்பதைப் பார்த்தேன். அவளுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்று முதல் எலுமிச்சையின் ஒரு கிளையை அவற்றுக்கென்று விட்டு வைத்திருக்கிறேன். மற்றக் கிளைகளில் வரும் புழுக்களைப் பொறுக்கி அந்தக் கிளையில் கொண்டு விடுகிறேன். இது முழுமையான அஹிம்சை என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் இளையான்குடி மாறநாயனாரின் சரித்திரத்தில் என் மனத்தைத் தொடுவது, பகலில் விதைத்த நெல்லை நள்ளிரவு மழையில் வாரிக்கொண்டு வந்து விருந்தினருக்கு அமுது சமைத்த அந்தப் பெரிய செயலைவிட, அதற்கு அடுத்துச் சொல்லப்படும் சிறிய செயல்தான். சோற்றுக்கு நெல் கிடைத்தது, அடுப்புக்குக் கூரையின் கழியே விறகாயிற்று, கறிக்கு என்ன செய்வதென்று அம்மையார் தயங்கியபோது, நாயனார் மறுபடியும் இருளில் போய், இன்னும் குழி நிரம்ப வளராத இளங்கீரையைக் கையால் தடவிப் பறித்து வந்தார். முற்றாத கீரையைப் பறிக்க எந்தத் தோட்டக்காரனுக்கும் கை கூசும். இன்னும் பத்து நாள் விட்டால் இரு மடங்காகுமே என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கூச்சத்தை அறிந்தவனுக்குத்தான் அந்தக் கீரையின் விலை தெரியும். கொல்லையே இல்லாத வீட்டில் அந்தக் கதையைப் படிப்பவர்களுக்கு அது ஒரு கதையாக மட்டும் போய்விடுமோ என்பது என் பயம்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய வேளையில் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்த கஜா புயல், இந்த வட்டாரத்தில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. எங்கள் கொல்லையில் இருந்த மூன்று தென்னைகளில் இரண்டும், என் தகப்பனார் வைத்த மாமரமும் அன்றிரவு விழுந்தன. முருங்கை இடுப்பளவில் முறிந்தது. வாழைகள் பாய் விரித்தாற்போலக் கிடந்தன. விடிந்ததும் கொல்லைக்கதவைத் திறந்தபோது, அத்தனை வருஷங்களாக மரங்கள் மறைத்திருந்த வானம் திடீரென்று அடுக்களை வரையில் வந்து நின்றது. அன்று எனக்கு எந்த ஞானமும் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அழுதேன் என்பதே உண்மை. ஆனால், மூன்றாம் வாரத்தில் முருங்கைக் கட்டை பக்கத்துக்குப் பக்கம் துளிர்விட்டது. விழுந்த வாழைகளின் அடியில், எப்படியும் ஒரு குலை தள்ளியபின் வெட்டுப்படவே பிறந்த தாய்மரத்தைப் பற்றிய கவலை ஏதும் இல்லாமல், பக்கக் கன்றுகள் சுருள் இலையை விரித்தன. எழுபது வயதைக் கடந்த ஒருவர், காய்ப்பதற்கு ஆறேழு வருஷமாவது பிடிக்கும் நெட்டைத் தென்னங்கன்று இரண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் வாசல் வழியே போனார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. மறுநாள் நானும் ஒரு மாங்கன்று வாங்கி, பழைய மரம் நின்ற குழிக்கு இரண்டு முழம் தள்ளி நட்டேன்.

என் நண்பர் ஒருவர் இதற்கெல்லாம் ஓர் ஆட்சேபம் சொல்வார். பற்றை விட வேண்டும் என்று பேசுகிறவர், ஒரு சுரைக்காய் திருடு போனதற்கு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீரே, இருந்த பற்றுகள் போதாதென்று புதிதாக ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டதுதானே கண்ட லாபம் என்பார். அந்தச் சுரைக்காய் விஷயம் உண்மை. கொல்லை தானாகவே ஒருவனைப் பக்குவப்படுத்திவிடும் என்று நான் வாதாட வரவில்லை. பேராசைக்காரனுடைய தோட்டம் பேராசையோடுதான் விளையும். ஆனால் பூஜை அறையில் அமர்ந்திருக்கும்போது என்னிடம் இருப்பதாக நான் சிறிதும் உணராத மமகாரம், அந்தச் சுரைக்காய் நிமித்தமாக மூன்று நாள் என் முகத்திலேயே பிரத்தியட்சமாகத் தெரிந்ததே, அது லாபம் இல்லையா? நோய் இருப்பது தெரிந்தபின் அல்லவா மருந்தைப் பற்றிப் பேச முடியும்?

கொல்லை இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி எழும். தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத்துக்கான பொருள்களின் தொகுப்பை மானிய விலையில் கொடுத்து வந்திருக்கிறது. அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நான்கு தொட்டிகள் வைத்தாலும் ஒரு வெண்டைச்செடி வெண்டைச்செடியாகவே நடந்துகொள்ளும், இரண்டு நாள் பறிக்க மறந்தால் முற்றித்தான் போகும். நஞ்சில்லாத காய், சிக்கனம், நல்ல பொழுதுபோக்கு என்று அதற்குச் சொல்லப்படும் பிரயோஜனங்களை நான் மறுக்கவில்லை. அவை உபபலன்கள் என்று மட்டும் சொல்லுகிறேன். கொல்லை உள்ளவர்களிடம் என் விண்ணப்பம் வேறு. வழுக்காமல் நடக்க ஒரு பாதைக்குச் சிமெண்டு போடுங்கள், கிணற்றடிக்குப் போடுங்கள், வண்டி நிறுத்தும் இடத்துக்கும் போடுங்கள். நான்கு பாத்தி அளவாவது மண்ணை மண்ணாக விட்டுவையுங்கள். பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்லுமுன் அவர்கள் கையால் ஒரு பூசணி விதையை ஊன்றச் சொல்லுங்கள். அது பிடிக்காமற்போனாலும் குற்றமில்லை, அதுவும் பாடத்தில் சேர்ந்ததே.

என் மனைவி கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் விடை இருக்கிறது. என் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை ஏதும் இல்லை. முதல் பக்கத்தில் மேலே எழுதிய பெயரில்தான் பிழை. நிலம் என்னுடையது, விளைவும் என்னுடையது என்று மிராசுதாரன் தோரணையில் கணக்கை ஆரம்பித்துவிட்டேன். நான் வாரத்துக்குப் பயிரிடும் குடியானவன். சூரியனுக்கும் மழைக்கும் தேனீக்கும் மண்ணுக்கும் கட்ட வேண்டிய வாரத்தை ஒரு நாளும் நான் அளந்து கொடுத்ததில்லை. அப்படியிருக்க, அணில் தின்ற கொய்யா செலவும் அல்ல, நஷ்டமும் அல்ல, அது பங்கு. அந்தத் தலைப்பில் மூன்றாவது பத்தி ஒன்று போட்டு, அணில், கிளி, எலுமிச்சைப் புழு, அடுத்த வீடு, சுரைக்காய் எடுத்துப் போன முகம் தெரியாத மனிதர் என்று கொஞ்ச நாள் எழுதி வந்தேன். பிறகு அந்தப் பத்தி மற்ற இரண்டையும்விட நீண்டுகொண்டே போனதனால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

உத்தியோகத்தில் இருந்த காலத்தில், இன்றைக்கு என்ன காய் என்று காலையில் மனைவி கேட்டால், முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய்க் கறி என்று பேப்பரிலிருந்து தலை நிமிராமல் உத்தரவு போடுவேன். பை கடைக்குப் போகும். இப்போதும் அவள் அதே கேள்வியைத்தான் கேட்கிறாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, "இரு, போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிக் கொல்லைக்கதவைத் திறக்கிறேன்.